குழம்புச் சோறும் கரிசல் நாய்களும்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று விரியும் மானாவாரிக் கரிசல் நிலத்தில் நாய்க்கென்று தனியே உலை வைக்கும் வழக்கம் அரிது. வீட்டில் ஆக்கிய சோற்றில் மிஞ்சியது எதுவோ அதுவே வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும், தோட்டத்துக் காவல் நாய்க்கும், ஆட்டுக்கிடையைச் சுற்றிவரும் நாய்க்கும் உரிய பங்காக இருந்து வந்திருக்கிறது. இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்திற்கும் நாய்க்கும் உள்ள உறவு மேலோட்டமானதன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை என்னும் இரண்டு நாட்டு இனங்கள் இம்மாவட்டத்து ஊர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன; 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அவற்றுள் இராசபாளையம் ஒன்றாக இருந்தது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் நாய்களின் பசியாற்றலுக்கு முதலிடம் தரப்பட்டது என்பதும், ஜாக்கி என்னும் நாய்க்கு அங்கே சமாதி உண்டு என்பதும் பலரும் அறிந்த செய்திகள்.

ஆகவே இந்த மண்ணில் நாய்க்குச் சோறிடும் மனம் குறைவில்லை. குறைவாக இருப்பது, எந்தச் சோறு நாயின் உடலுக்குள் எதைச் செய்யும் என்னும் அறிவு. நாய்க்கு ஆகாத உணவுகள் என்று அச்சிலும் இணையத்திலும் சுற்றிவரும் பட்டியல்களில் சாக்லேட், வெண்ணெய்ப்பழம், மக்கடேமியாக் கொட்டை, சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் ஆகியவை முன்வரிசையில் நிற்கும். அப்பட்டியல்கள் எழுதப்பட்ட நாடுகளின் சமையலறைகளுக்கு அந்த வரிசை பொருத்தமானதே. மக்கடேமியாவைக் கண்ணால் கண்டிராத ஒரு கரிசல் வீட்டுக்காரர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, தம் வீட்டு நாய்க்கு ஆபத்து எதுவும் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது. அவர் வீட்டில் ஆபத்து குழம்புச் சட்டியிலும், புளிப்பானையிலும், குதிரில் கிடக்கும் தானியத்திலும், கிடாவெட்டு முடிந்த பந்தியிலும் இருக்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நாய் ஊனுண்ணி, எனவே அரிசியும் கம்பும் சோளமும் அதற்கு ஒவ்வாதவை என்று சிலர் வலியுறுத்துவது உண்மைக்கு ஒத்துவரவில்லை. 2013-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுத் தொகுதியையும் நாயின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்னும் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு படிகளாக மட்டுமே இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது படிகள் வரை பெருகியிருப்பதைக் காட்டினர். மனிதர் பயிர்செய்து உண்டதில் மிஞ்சியதைத் தின்று வாழ நாயின் உடல் பழகிக்கொண்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும் நாயின் வயிறு ஏற்கும் உணவுகள்தாம். அவற்றின் மேல் ஊற்றப்படுவதுதான் ஆராயத்தக்கது.

ஊற்றப்படுவதில் முதலாவது வெங்காயம். தாளிப்பில் தொடங்கி அரைப்பு வரை சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு இவ்வட்டாரத்தில் மிகக் குறைவு. வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லாவற்றிலும், அதாவது சின்ன வெங்காயம், பல்லாரி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய அனைத்திலும், கந்தகம் கலந்த சேர்மங்கள் உள்ளன. நறுக்கும்போதும் மெல்லும்போதும் அவை வேறு வடிவங்களுக்கு மாறி, குடலின் வழியே இரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களுக்குள் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. மனிதரின் சிவப்பணு இத்தாக்குதலைச் சமாளித்துவிடுகிறது. நாயின் சிவப்பணுவில் காட்டலேஸ் என்னும் காப்பு நொதியின் செயல் குறைவாக இருப்பதால் அது தாங்குவதில்லை. சிதைந்த ஹீமோகுளோபின் சிவப்பணுவின் ஓரத்தில் சிறு கட்டியாக ஒட்டிக்கொள்ளும். 1890-இல் அதை விவரித்த செருமானிய மருத்துவரின் பெயரால் அது ஹெய்ன்ஸ் துணுக்கு எனப்படுகிறது. அந்தத் துணுக்கைத் தாங்கிய அணுக்களை உடல் தானே அழித்துவிட, சில நாள்களில் நாய்க்குக் குருதிச்சோகை வந்துவிடுகிறது. வெங்காயம் ஊட்டப்பட்ட நாய்களுக்குச் சோகை வருவதை அமெரிக்காவின் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த செப்ரெல் 1930-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார் என்பதால், இது ஏறத்தாழ நூறாண்டுப் பழைய அறிவு.

நாயின் உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் நச்சு விளைவு தெரியத் தொடங்கும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 20 கிலோ எடையுள்ள ஒரு சிப்பிப்பாறை நாய்க்கு அது 100 கிராம். சின்ன வெங்காயமாகக் கணக்கிட்டால் பத்துப் பதினைந்து. 5 கிலோ எடையுள்ள ஒரு குட்டிக்கு மூன்று நான்கே போதும். பூண்டு இதைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டது. வேகவைப்பதாலோ வதக்குவதாலோ காயவைத்துப் பொடிப்பதாலோ இந்த நஞ்சு நீங்குவதில்லை. எனவே வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினால் போதும் என்னும் எண்ணமும் பயன் தராது, சாறு முழுவதும் குழம்பில் இறங்கியிருக்கும். ஒரே வேளையில் நிறையத் தின்றால்தான் கேடு என்பதும் இல்லை. சிறிது சிறிதாக நாள்தோறும் சேர்ந்தாலும் அணுக்கள் அழிவது தொடர்கிறது. ஒரு கரண்டிக் குழம்பு கலந்த சோறு வளர்ந்த நாயை வீழ்த்திவிடும் என்று அச்சமூட்டுவது சரியன்று. வெங்காயம் நிறையப் போட்டு வதக்கிய வெஞ்சனத்தின் மிச்சத்தை ஒரு சட்டி நிறைய, நாள் தவறாமல், வைப்பதுதான் பெருந்தவறு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெங்காயச் சோகையின் அறிகுறிகள் தின்ற அன்றே வருவதில்லை. ஒன்று முதல் ஐந்து நாள் வரை கழித்து நாய் சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் செம்பழுப்பாக இறங்கும். இதே சோர்வும் இதே நிறச் சிறுநீரும் உண்ணிக் காய்ச்சலிலும் வரும். உண்ணிக் காய்ச்சல் என்பது உண்ணி கடிப்பதால் இரத்தத்தில் நுழையும் பபீசியா போன்ற ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களை உடைப்பதால் வரும் நோய், தமிழ்நாட்டு நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. நாலு நாளுக்கு முன்பு வைத்த வெங்காய மிச்சத்தை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்வோர் குறைவு என்பதால், உணவால் வந்த கேடு உண்ணியின் கணக்கில் எழுதப்பட்டுவிட இடமுண்டு. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை, நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பல்லுக்கு மேலுள்ள ஈறைப் பார்ப்பது: நலமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். ஈறு காகிதம்போல வெளுத்தோ மஞ்சள் ஓடியோ இருந்தால் காரணம் உண்ணியா உணவா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுத்திருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது புளி. புளியைப் பற்றிய அறிவு மிகப் புதியது என்பதாலும், தமிழர் சமையலைப்போல் புளியை நம்பிய சமையல் உலகில் அதிகம் இல்லை என்பதாலும் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை அமெரிக்க விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தினர் 2001-இல் எழுதி வெளிக்கொணர்ந்தனர். ஆனால் திராட்சையில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது இருபது ஆண்டுகள் புலப்படவில்லை. ஒரு நாய் கைப்பிடிப் பழத்தைத் தின்றும் பிழைத்தது, இன்னொன்று சில பழங்களிலேயே மாண்டது. பிறகு, குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்து செய்த மாவுருண்டையைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்றதைப் போன்ற அதே சிறுநீரகக் கேடு வந்ததைக் கவனித்த மருத்துவர்கள், அந்த மாவில் சேர்த்திருந்த டார்ட்டார் உப்பை ஐயுற்று, டார்ட்டாரிக் அமிலம்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று 2021-இல் முன்மொழிந்தனர். புளி தின்ற நாய்களிடமும் அதே சிறுநீரகக் கேட்டைக் கண்டு, அந்த நோய் விவரங்களையும் சேர்த்து 2022-இல் வெளியிட்டனர்.

டார்ட்டாரிக் அமிலம் புளியின் புளிப்புக்கே காரணமான பொருள். திராட்சையில் அது நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவில் இருக்க, புளியின் சதையில் எட்டு முதல் பதினெட்டுப் பங்கு வரை இருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாயின் சிறுநீரக அணுக்களை இந்த அமிலம் அழிப்பதையும் மனிதச் சிறுநீரக அணுக்களை அது ஒன்றும் செய்யாததையும் ஆய்வுக்கூடத்தில் காட்டியது. அமிலத்தை அணுவிலிருந்து வெளியே கடத்தும் ஒரு புரதம் மனிதரிடம் உண்டு, நாயிடம் இல்லை, அதனால் நாயின் சிறுநீரகத்தில் அமிலம் தேங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மனிதன் காலம் காலமாகத் தின்று வாழும் பொருள் பக்கத்தில் வாழும் நாய்க்கு ஏன் ஆகாது என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

மாசி, பங்குனியில் கரிசல் ஊர்களின் வாசல்களிலும் களங்களிலும் புளி காயும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்து, உப்புச் சேர்த்து உருட்டிப் பானையில் அடைக்கும் அந்தச் சில வாரங்களில் சதை ஒட்டிய கொட்டையும் கோதும் வாசலெங்கும் சிதறிக் கிடக்கும். அருகிலேயே நாய்க்குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும். வளர்ந்த நாய் புளிப்பை விரும்பி உண்பதில்லை என்றாலும் குட்டி எதையும் வாயில் போட்டு மெல்லும். குழம்பில் கரையும் புளி நீரால் நீர்த்துப்போகிறது; அதைக்காட்டிலும் ஆபத்தானவை, காயும் புளியின் சதையும், புளியோதரைக்கென்று எண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும், பந்தியில் மிஞ்சிய புளியோதரையை மொத்தமாக நாய்க்குக் கொட்டுவதும். நாய்கள் தலைமுறை தலைமுறையாகப் புளிக்குழம்புச் சோறு தின்றுதானே வளர்கின்றன என்று கேட்பவர் உண்டு. தெருநாயும் காவல் நாயும் எத்தனை வயதில், எதனால் இறந்தன என்று எவரும் உடலைத் திறந்து பார்த்ததில்லை. பிழைத்திருக்கும் நாய் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சைக்கும் இதே விதி பொருந்தும். காய்ந்து சுருங்கியதால் அதில் அமிலம் பழத்தைவிடச் செறிவாக இருக்கிறது.

மூன்றாவது ஆபத்தை எந்தச் சட்டியிலும் காண முடியாது. அது பூஞ்சணம் பிடித்த தானியத்தில் இருக்கிறது. பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த கரிசலில் இப்போது மக்காச்சோளம் பெரும்பரப்பைப் பிடித்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பயிர் மார்கழி, தையில் அறுவடைக்கு வரும்போது காலம் தப்பிய மழை பெய்தால், கதிர் நனைந்து பூஞ்சணம் பூக்கிறது. சொத்தைக் கடலையிலும் சரியாகக் காயாத கடலைப் பிண்ணாக்கிலும் இதே பூஞ்சணம் வளரும். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் இப்பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலை அழிப்பது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று மடிந்தபோதுதான் இதன் இருப்பே தெரியவந்தது. வேகவைத்தாலும் இது அழிவதில்லை. மனிதர் தமக்கு வேண்டாமென்று ஒதுக்கிய தானியத்தைக் காய்ச்சி நாய்க்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றலாம், ஆனால் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் விலங்குகளில் நாயும் ஒன்று.

இந்தியாவில் இதற்குக் கொடிய சான்று ஒன்று உண்டு. 1974-இன் இறுதியில் இராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், காலம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் வந்தன. ஐதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தனர். அந்த வீடுகளில் அதே உணவைப் பகிர்ந்த நாய்களும் அதே அறிகுறிகளோடு நோயுற்றன. நாயும் மனிதனும் ஒரே சட்டியில் உண்ணும் நாட்டில், நாய்க்கு வைக்கும் தானியம் கெட்டிருந்தால் அது நாயோடு நின்றுவிடும் என்று எண்ணுவதற்கில்லை. கோழிக்கும் ஆட்டுக்கும்கூட அந்தத் தானியத்தைப் போடக் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுவதே தகும். மக்காச்சோளத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: மணி உதிர்த்த பின் மிஞ்சும் தக்கையை நாய் கடித்து விழுங்கினால் அது குடலை அடைத்துக்கொள்ளும், சாதாரண ஊடுகதிர்ப் படத்திலும் எளிதில் பிடிபடாது. மாங்கொட்டையும் அப்படியே.

கிடாவெட்டும் கறிச்சோறும் முடிந்த மறுநாள் நாய்களுக்கு வரும் நோய்கள் இரண்டு வகைப்படும். ஒன்று எலும்பால் வருவது. வெந்த எலும்பு, குறிப்பாகக் கோழியின் நீள எலும்பு, ஈரம் இழந்து கூர்ச்சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கிறது, நிறைய மென்று விழுங்கப்பட்டால் மலக்குடலில் சுண்ணாம்புபோல் இறுகிவிடுகிறது. மற்றொன்று கொழுப்பால் வருவது. ஆட்டுக் கொழுப்பும் சால்னாவும், விருதுநகரின் பெயர்பெற்ற எண்ணெய்ப் பரோட்டாவும் ஒரே வேளையில் நிறைய உள்ளே போனால் கணையம் தன் செரிமான நீராலேயே தன்னை எரித்துக்கொள்ளும் கணைய அழற்சி வரலாம். நாய் முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பகுதியை மட்டும் தூக்கி நிற்பது அந்த வயிற்று வலியின் அடையாளம். கருவாடு, ஊறுகாய், உப்புக்கண்டம் ஆகியவற்றின் உப்பு, தாகத்துக்கு நீர் கிடைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். கண்மாய் வற்றி, குழாயடியும் காய்ந்துகிடக்கும் சித்திரை, வைகாசியில் நீர் கிடைக்காத நாய்க்கு அதே உப்பு மூளையைத் தாக்கும் நஞ்சாகிறது. கோடையில் வாசலில் வைக்கும் ஒரு சட்டித் தண்ணீர் எந்தச் சோற்றையும்விட நாய்க்கு முக்கியமானது.

எல்லாப் பட்டியல்களிலும் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினையும் காப்பித்தூள், தேயிலையில் உள்ள காபீனையும் நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும்; இதயம் படபடத்து வலிப்பு வரை போகலாம். பால் சாக்லேட்டைவிடக் கறுப்பு சாக்லேட்டும் கோகோத்தூளும் பல மடங்கு வீரியமானவை. சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புகளிலும் சில சூயிங்கங்களிலும் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாயின் இன்சுலினைத் திடீரென்று பெருக்கி இரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும், கிலோவுக்கு 0.1 கிராமே போதும். தேநீர்க் கடையில் வாங்கிப் போடும் பொறை நஞ்சன்று, வெறும் மைதா. பசிக்கு உதவும், ஊட்டத்துக்கு உதவாது. பால் பல வளர்ந்த நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அவற்றுக்கு மோர் ஓரளவு ஒத்துக்கொள்ளும்.

தீர்வு செலவு வைப்பதன்று. சோறு வடித்ததும், குழம்போ இரசமோ கலக்குமுன், நாயின் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடலாம். தாளிக்காத வேகவைத்த பருப்பு, வெறுமனே அவித்த முட்டை, எலும்பு நீக்கி மசாலா இல்லாமல் வேகவைத்த கறி அல்லது ஈரல், உப்பில்லாத கம்பங்கூழ், பூசணி, கேரட் இவற்றில் எதைச் சேர்த்தாலும் போதும். சமைப்பவர் கை ஒரு நிமிடம் முந்த வேண்டும், அவ்வளவே.

தின்னக்கூடாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், ஊர்ப்பக்கம் பழகிப்போன முதலுதவிகள் இரண்டை அடியோடு தவிர்க்க வேண்டும். நஞ்சு தின்ற மனிதருக்கும் விலங்குக்கும் வாந்தி வரவழைக்க உப்புக்கரைசலையும் புளிக்கரைசலையும் புகட்டுவது வழக்கம். நாயைப் பொறுத்தவரை முன்னது உப்பு நச்சையும் பின்னது மேலே சொன்ன சிறுநீரகக் கேட்டையும் கூட்டிவிடும், மூச்சுக்குழலுக்குள் போனால் அப்போதே உயிர் போகவும் கூடும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் மருத்துவரே ஊசியால் வாந்தி எடுக்கவைக்க முடியும். புளியோ திராட்சையோ என்றால் அடுத்த இரண்டு நாள் நரம்பு வழியே நீர் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காப்பாற்றும் முதன்மையான வழி. அதற்குமேல் சிகிச்சை வேண்டுமென்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனை திருநெல்வேலியில் உள்ளது. மருத்துவரிடம் போகும்போது நாயின் எடை, தின்ற பொருள், தோராயமான அளவு, தின்ற நேரம், சிறுநீர் கடைசியாக எப்போது எந்த நிறத்தில் போனது என்னும் ஐந்தையும் சொல்ல வேண்டும். நான்கு நாளைக்கு முந்தைய வெங்காய மிச்சம் நினைவுக்கு வந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.